இலையோடு போன ரீடெய்னர்: நேராக்கிய பல் மறுபடி திரும்பினால்?

கடிதம் எழுதியிருப்பவர் மியான்மரில், யாங்கோன் தாக்கேத்தா பகுதியில் வசிக்கும் 27 வயதுப் பெண். ஓர் ஏற்றுமதி அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறார். 2018-இல் பல்லுக்குக் கம்பி போட்டுக்கொண்டார். மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு பற்களை எடுத்துவிட்டு, இரண்டே கால் வருடம் கம்பியோடு இருந்திருக்கிறார். 2020 கடைசியில் கழற்றினார்கள். மேல்வரிசைக்கு, நேராக்கிய பல் நகராமல் பிடித்து வைக்கும், கண்ணாடி போல ஊடு தெரியும் பிளாஸ்டிக் உறையான ரீடெய்னர் ஒன்றைக் கொடுத்து, கீழ் முன்பற்களின் உள்பக்கத்தில் மெல்லிய கம்பி ஒன்றை ஒட்டிவிட்டார்கள். 2021-க்குப் பிறகு அந்த மருத்துவர் வெளிநாடு போய்விட்டார், கிளினிக்கையும் மூடிவிட்டார்கள். அதன்பின் யாரிடமும் காட்டவில்லை.

சென்ற வருடம் அனவ்ரதா சாலை காளியம்மன் கோவிலில் அன்னதானம். சாப்பிட உட்கார்ந்தவர் ரீடெய்னரைக் கழற்றி, டிஷ்யூவில் சுற்றி இலையோரம் வைத்தார். சாப்பிட்டு முடித்து, பழக்கத்தில் இலையை மடித்துவிட்டு எழுந்தார். கை கழுவும்போதுதான் நினைவு வந்தது. "முப்பது நாற்பது இலையைப் பிரித்துப் பார்த்துவிட்டேன் டாக்டர், கிடைக்கவில்லை. வீட்டில் சொல்லப் பயந்து அப்படியே விட்டுவிட்டேன்" என்கிறார். பதினொரு மாதம் ஆகிறது. இதற்கிடையே கீழே ஒட்டிய கம்பியும் ஒரு பக்கம் விட்டுப்போய் நாக்கைக் குத்துகிறது. கீழ் முன்பல் ஒன்று கதவு ஒருக்களித்தது போலத் திரும்பி நிற்கிறது. மேலே பல் எடுத்த இடத்தில் ஒரு சின்ன சந்து, சாப்பிட்டால் இறைச்சி நார் மாட்டிக்கொள்கிறது.

தை மாதம் கல்யாணம், அதன்பின் மோல்மேன் நகரில் குடித்தனம். இன்னும் மூன்று மாதம்தான் இருக்கிறது. ஞானப்பல் முளைத்துத் தள்ளுகிறது, அதை எடுத்துவிடு என்கிறார் அம்மா. நாலு பல்லைப் பிடுங்கினால் மிச்சப் பல் ஆடாமல் என்ன செய்யும் என்பது சித்தியின் வாதம். தோழி ஒருத்தி, பார்லரிலேயே கலர் கம்பி ஒட்டுகிறார்கள், விலையும் குறைவு என்று அழைக்கிறாள். மருத்துவர் சரியாகச் செய்யாததால்தான் இப்படி ஆனதா, மறுபடி முதலிலிருந்து கம்பி போட வேண்டுமா, இன்னும் எத்தனை வருடம் ரீடெய்னர் போட வேண்டும் என்று கேட்கிறார். கடைசியாக வெட்கத்தோடு இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் அந்த இலை விஷயத்தை முடித்துவிடுவோம். ரீடெய்னர் தொலைந்த கதைகளில் டிஷ்யூதான் முதலிடம். அடுத்தது வீட்டு நாய், எச்சில் வாசனைக்கு வந்து கடித்துப் போட்டுவிடும். திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவில் வண்டியில் நின்று வாயைத் திறந்து கூச்சல் போட்டபோது குழாய்த் தண்ணீர் வேகத்தில் பறிகொடுத்துவிட்டு வந்த பையன் ஒருவன் உண்டு. டீக்கடை மேஜையில் சும்மா வைத்திருப்பார்களே சூடான வெறும் தேநீர், அதை ஊற்றிக் கழுவினார் இன்னொருவர். என்னிடம் கொண்டுவந்து காட்டியபோது அது பொரித்த அப்பளம் மாதிரி சுருண்டிருந்தது. ஆகவே உங்களிடம் தனியாக ஒரு கவனக்குறைவும் இல்லை. தொலைந்த அந்த வாரமே யாரிடமாவது போய் இன்னொன்று செய்துகொண்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இருந்திருக்காது. வருத்தப்பட வேண்டியது அந்தப் பதினொரு மாதத்துக்குத்தான்.

பல் ஏன் திரும்பியது

இதற்கு இரண்டு தனித்தனிக் காரணங்கள் இருக்கின்றன. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் 'எத்தனை வருடம் போட வேண்டும்' என்ற கேள்விக்கு ஆளுக்கொரு பதில் கிடைக்கிறது.

முதல் காரணம், பழைய இடத்துக்கே திரும்பும் இழுப்பு. எலும்பில் ஆணி அடித்த மாதிரிப் பல் நிற்பதில்லை. பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே நுண்ணிய நார்கள் உண்டு. ஈறிலிருந்து பல்லைச் சுற்றிப் பிடிக்கும் நார்கள் வேறு. கம்பி பல்லை நகர்த்தும்போது இவையும் இழுபட்டு நிற்கின்றன. எலும்போடு சேர்ந்த நார்கள் மூன்று நான்கு மாதத்தில் புது இடத்துக்குப் பழகிவிடும். ஈறில் இருக்கும் மீள்தன்மை கொண்ட நார்கள்தான் பிடிவாதக்காரர்கள், அவை பழக ஒரு வருடத்துக்கு மேலேயும் ஆகலாம். நார்வேயைச் சேர்ந்த ரைட்டான் 1959-இல் வெளியிட்ட ஆய்வில், திருப்பி வைத்த பல்லை 232 நாள் அசையாமல் பிடித்து வைத்திருந்தும் இந்த ஈறு நார்கள் முறுக்கியபடியே இருந்ததைக் கண்டார். முறுக்கிய கயிற்றைக் கையை விட்டால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும். திருகி இருந்த பல்லை நேராக்கியவர்களுக்கு அது மறுபடி திருகப் பார்ப்பது இதனால்தான். கான்கிரீட் போட்ட மறுநாளே சென்ட்ரிங் பலகையைப் பிரித்தால் தளம் நிற்காதே, அதுபோல முதல் ஒரு வருடத்துக்கு ரீடெய்னர்தான் பலகை. அந்த வருடத்தை நீங்கள் ஒழுங்காகவே கடந்துவிட்டீர்கள். இதில் உங்கள் மீது குறை சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாவது காரணம் வயது. நரை விழுவதைப் போல இதுவும் எல்லோருக்கும் நடப்பது. கம்பியே போடாதவர்களுக்கும், பிறவியிலேயே வரிசை அழகாக அமைந்தவர்களுக்கும், வயது ஏற ஏறக் கீழ்ப்பல் வளைவு கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி முன்பற்கள் நெருக்கிக்கொள்கின்றன. உங்கள் அம்மாவின் இருபது வயதுப் புகைப்படம் வீட்டில் இருந்தால் எடுத்து, இப்போதைய கீழ்ப்பல்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அமெரிக்காவில் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் லிட்டில் என்பவரும் கூட்டாளிகளும் சிகிச்சை முடிந்தவர்களைப் பல வருடம் விடாமல் கவனித்தார்கள். ரீடெய்னரை நிறுத்திப் பத்து வருடமானவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்குக் கீழ் முன்பல் வரிசை திருப்தியாக இல்லை என்று 1981-இல் எழுதினார்கள். இருபது வருடமானவர்களைப் பற்றி 1988-இல் எழுதியபோது, வரிசை ஏற்கத்தக்க நிலையில் இருந்தவர் பத்தில் ஒருவர்தான். அவர்களும் நல்ல கைகளில் சிகிச்சை பெற்றவர்களே.

உங்கள் கீழ்ப்பல்லில் நடந்தது இன்னும் எளிமையான விஷயம். ஒட்டிய கம்பி ஒரு பல்லில் விட்டுப்போனால், கம்பி வாயில்தான் இருக்கிறதே என்று நாம் நிம்மதியாக இருந்துவிடுகிறோம். அந்த ஒரு பல் மட்டும் கட்டு அறுத்த கன்றுக்குட்டி. நம்மூரில் சூரியகாந்தி விதையை முன்பல்லால் உடைத்து உமியைத் துப்பிக்கொண்டே அரட்டை அடிப்போமே, ஒட்டுப் பசை விட்டுப்போக அது ஒன்றே போதும். மாங்காய், கொய்யாவை நேராக முன்பல்லால் கடிப்பதும் அப்படித்தான். நீங்கள் விதை கொறிப்பவரா என்று கடிதத்தில் எழுதவில்லை. பதிலை நானே ஊகித்துக்கொள்கிறேன்.

அம்மா, சித்தி, தோழி

ஞானப்பல் தள்ளுகிறது என்ற நம்பிக்கை பல் மருத்துவர்களிடமே நெடுங்காலம் இருந்தது, அதனால் அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். பின்னால் முளைக்கும் பல் முன்னால் நிற்பதைத் தள்ளும் என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் ஞானப்பல்லை எடுத்தவர்கள், எடுக்காதவர்கள் என்று இரண்டு அணியாகப் பிரித்து இங்கிலாந்தில் பல வருடம் பார்த்தார்கள். முன்பல் நெருக்கத்தைத் தடுப்பதற்காக மட்டும் ஞானப்பல்லை எடுப்பதில் நியாயமில்லை என்பதுதான் 1998-இல் வந்த முடிவு. ஞானப்பல்லே முளைக்காதவர்களுக்கும் கீழ்ப்பல் நெருக்கும். உங்கள் ஞானப்பல் சொத்தையாகியிருந்தால், ஈறு வீங்கி வலித்தால், பக்கத்துப் பல்லைக் கெடுத்தால் எடுக்கலாம், அது வேறு கணக்கு. கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருக்கையில், முன்பல்லை நேராக்கும் என்று நம்பி அறுவை செய்துகொள்ள வேண்டாம். கன்னம் வீங்குவதுதான் மிச்சம்.

சித்தி சொல்வதில் பாதி உண்மை. பல் எடுத்து மூடிய இடம் சிலருக்கு மயிரிழை அளவு திறக்கும். மூடும்போது ஈறு மடிந்து சேர்ந்துகொள்வதும், ரீடெய்னர் இல்லாத காலமும் இதற்குக் காரணம். ஆனால் பல் எடுத்ததால்தான் கீழ்வரிசை கலைந்தது என்பது சரியல்ல. பல் எடுக்காமல், சிறுவயதிலேயே வளைவை விரித்து இடம் உண்டாக்கியவர்களையும் அதே சியாட்டில் குழுவினர் கவனித்தார்கள். அவர்களிடம் நெருக்கம் இன்னும் கூடுதலாகவே திரும்பியிருந்தது. உங்கள் பற்களுக்கு இடம் போதவில்லை என்று பார்த்துத்தான் அந்த மருத்துவர் நாலு பல்லை எடுத்திருப்பார்.

அந்தச் சந்தில் இறைச்சி நார் மாட்டுகிறது என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். திரும்பிய முன்பல்லைவிட எனக்கு அதுதான் அதிகக் கவலை. தினமும் உணவு குத்தி நிற்கும் இடத்தில் ஈறு வீங்கும், பல்லிடுக்கில் சொத்தை விழும். பல்லிடுக்குக்கென்று விற்கும் சின்ன பிரஷ்ஷை வாங்கி இன்றிரவே ஆரம்பியுங்கள். தீக்குச்சியால் குத்த வேண்டாம்.

தோழி சொன்ன கலர் கம்பி பற்றிச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், அந்தப் படியை மிதிக்காதீர்கள். பல்லை நகர்த்துவது எவ்வளவு சுலபமோ, அவ்வளவு ஆபத்து. எக்ஸ்ரே இல்லை, ஈறு பரிசோதனை இல்லை, ஒட்டுவதற்கு என்ன பசை, கம்பி எந்த உலோகம் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. இதற்குத் தம்பி ஒன்றும் உண்டு: பல்லிடுக்கை மூட இரண்டு பல்லைச் சேர்த்து ரப்பர் வளையம் மாட்டுவது. பல் வேர்ப்பக்கம் போகப் போகக் குறுகுவதால் வளையம் மெல்ல வழுக்கி ஈறுக்குள் போய்விடும், கண்ணுக்குத் தெரியாது. உள்ளே எலும்பைக் கரைத்துக்கொண்டே போகும். ஓர் இடுக்கை மூடப் போய் இரண்டு முன்பல்லும் ஆடி விழுந்தவர்கள் உண்டு. ஆன்லைனில் அச்சு எடுக்கும் பொட்டலம் அனுப்பி, ஆளைப் பார்க்காமலே அலைனர் (பல்லை மெல்ல நகர்த்தும், கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் உறை) செய்து தருகிறவர்களும் இந்த வரிசைதான். உங்களுக்குக் கீழே ஓர் அறுந்த கம்பி தொங்குகிறது, மேலே உணவு மாட்டும் சந்து. இரண்டையும் ஒருவர் வாயைத் திறந்து பார்க்காமல் எதுவும் ஆரம்பிக்கக் கூடாது.

உங்கள் முன் இருக்கும் வழிகள்

இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்றுதான். அந்தத் தளர்ந்த கம்பியை ஒரு பல் மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டில் நகவெட்டியால் நறுக்கிவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள், நீங்கள் அதைச் செய்யாதீர்கள். வெட்டிய துண்டு தொண்டைக்குள் போகலாம். அதோடு, எந்தப் பல்லில் பசை மிச்சம் இருக்கிறது, எதில் இல்லை என்ற தடயமும் அழிந்துவிடும். அந்தத் தடயம் எங்களுக்குத் தேவை. ஏனென்றால் பல் திரும்ப இரண்டு விதம் உண்டு. கம்பி விட்டதால் பல் தானாகத் திரும்பியது ஒன்று. அரிதாக, கம்பி ஒட்டியிருக்கும்போதே, அந்த முறுக்குக் கம்பியில் தங்கிய விசை பல்லை மெல்லத் திருகி வேரை எலும்புக்கு வெளியே தள்ளுவதும் உண்டு. இந்த இரண்டாவது வகையில் ஈறு ஒரு பல்லில் மட்டும் கீழிறங்கி, பல் நீளமாகத் தெரியும். கண்ணாடி முன் நின்று, போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள். திரும்பிய பல்லின் ஈறு பக்கத்துப் பற்களை விடக் கீழே இருக்கிறதா என்று பார்த்து, மருத்துவரிடம் அதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

அது இல்லை என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன். மூன்று வழிகள் இருக்கின்றன.

பற்கள் இப்போது நிற்கும் நிலையிலேயே அச்சு அல்லது ஸ்கேன் எடுத்து, மேலும் கீழும் புது ரீடெய்னர் செய்து, இதற்கு மேல் நகராமல் நிறுத்துவது ஒரு வழி. செலவு குறைவு, பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். திரும்பிய பல் திரும்பியபடியே இருக்கும்.

அலைனரோ, முன்பற்களுக்கு மட்டும் கம்பியோ போட்டு, கலைந்ததை மட்டும் சரிசெய்வது அடுத்த வழி. நீங்கள் சொல்கிற அளவு நெருக்கத்துக்கு மூன்று முதல் ஆறு மாதம் போதும். இடம் போதாவிட்டால் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே எனாமலை இழைப்பார்கள். ஓர் இடுக்கில் மொத்தம் அரை மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது வழக்கம். 'பல்லைத் தேய்க்கிறார்கள்' என்று கேட்டுப் பயப்பட வேண்டாம். அளவோடு செய்தால் பல்லுக்குக் கெடுதல் இல்லை.

முழுக் கம்பியை முதலிலிருந்து போடுவது மூன்றாவது. கடிக்கும் விதமே மாறியிருந்தால் ஒழிய, உங்களுக்கு இது தேவைப்படும் என்று நான் நினைக்கவில்லை.

என் கருத்தைக் கேட்டால், இப்போது முதல் வழி, கல்யாணம் முடிந்தபின் வேண்டுமானால் இரண்டாவது. மூன்று மாதத்தில் அடித்துப் பிடித்துத் திருத்திவிடலாம், முடியாதது அல்ல. ஆனால் தையில் நீங்கள் மணமேடையில் இருக்கும்போது அந்தப் பல் இப்போதுதான் நகர்ந்து வந்த பச்சைப் பல்லாக இருக்கும், அதன் நார்கள் முறுக்கி நிற்கும். ரீடெய்னரை ஒருநாளும் விடக் கூடாத அந்தச் சில மாதங்கள், நலங்கு, விருந்து, மறுவீடு, ஊர் மாறுதல் என்று நீங்கள் அலைகிற அதே மாதங்களாக அமையும். மறுபடி தொலைக்க இதைவிடத் தோதான காலம் கிடையாது. தவிர, இந்த வயதில் சிரிக்கும்போது தெரிவது மேல்வரிசைதான். கல்யாண ஆல்பத்தில் உங்கள் கீழ்ப்பல்லைத் தேடிக் கண்டுபிடிக்க ஒரே ஓர் ஆளால்தான் முடியும், அது நீங்கள். அந்தப் பல் அப்படியே இருந்தால் போகட்டும் என்று ஆறு மாதம் கழித்துத் தோன்றினால், அதுவும் சரியான முடிவுதான். சற்றே திரும்பிய பல் நோய் அல்ல. மருத்துவர் யாராவது அதை அவசரமாகத் திருத்தியே ஆகவேண்டும் என்று மிரட்டினால், காரணம் கேளுங்கள்.

எந்த ரீடெய்னர், எத்தனை காலம்

கண்ணாடி ரீடெய்னர் நல்லதா, மேல்வாயில் பிளாஸ்டிக்கும் முன்னால் ஒரு கம்பிக் கோடும் தெரியும் பழைய ஹாலி வகை நல்லதா, ஒட்டும் கம்பியா என்று கேட்காத ஆளில்லை. ஹாலி என்பவர் 1919-இல் எழுதிவைத்த வடிவம் இன்றும் புழக்கத்தில் இருப்பதே அதன் உறுதிக்குச் சாட்சி. இருந்தும், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2023 மதிப்பீடு, இதுதான் மற்றவற்றைவிட மேல் என்று எதையும் கைகாட்ட முடியாமல்தான் முடிந்தது. ஆகவே ஆளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். கீழே ஒட்டும் கம்பி ஞாபக மறதிக்காரர்களுக்கு வசதி, ஆனால் உள்பக்கம் காரை படியும், விட்டுப்போனால் தெரியாது, ஆறு மாதத்துக்கொரு முறை யாராவது பார்க்க வேண்டும். நீங்கள் மோல்மேனுக்குப் போகப் போகிறீர்கள். பசை விட்டுப்போகும்போதெல்லாம் 300 கிலோமீட்டர் பேருந்தில் வர முடியுமா? அதனால் உங்களுக்கு மேலும் கீழும் கழற்றி மாட்டும் கண்ணாடி ரீடெய்னரே ஏற்றது என்பது என் எண்ணம். ஒன்றுக்கு இரண்டு ஜோடியாகச் செய்து, இரண்டாவது ஜோடியை அலமாரியில் வையுங்கள்.

இரவு தூங்கும்போது போட்டால் போதுமா என்றால், போதும். கண்ணாடி ரீடெய்னரை நாள் முழுவதும் போட்டவர்களுக்கும் இரவில் மட்டும் போட்டவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றுதான் ஒப்பிட்டுச் செய்த சோதனைகள் சொல்கின்றன. எத்தனை வருடம் என்பதற்கு என் பதில் உங்களுக்குப் பிடிக்காது. பல் இப்படியே இருக்க வேண்டும் என்று எத்தனை வருடம் விரும்புகிறீர்களோ அத்தனை வருடம். வயதால் வரும் நகர்வுக்கு முடிவுத் தேதி கிடையாதே. இரண்டு மூன்று வருடம் தினமும் போட்டபின் ஒருநாள் விட்டு ஒருநாள் என்று தளர்த்திப் பார்க்கலாம். மாட்டும்போது இறுக்கமாக இருந்தால் இடைவெளி அதிகமாகிவிட்டது என்று பல்லே சொல்லிவிடும், மறுபடி தினசரிக்குத் திரும்புங்கள். முழுதாக உட்காரவே இல்லை என்றால் மட்டும் கடித்து அழுத்தி உட்கார வைக்காதீர்கள், உடையும். உடையாவிட்டால் பல் வலிக்கும். அப்போது புது அளவு எடுக்க வேண்டியதுதான்.

கழுவ ஆறிய தண்ணீர், மென்மையான பிரஷ், ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு போதும். பற்பசை வேண்டாம், அதிலுள்ள துகள் கண்ணாடியில் கீறல் போட்டு மங்கலாக்கும். வெள்ளையாகக் காரை படிந்தால், வினிகரில் சமபங்கு தண்ணீர் கலந்து கால் மணி நேரம் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவுங்கள். காரின் டேஷ்போர்டில், ஜன்னல் வெயிலில் வைக்காதீர்கள், சித்திரை வெயிலுக்கு அது தாங்காது. வாயில் போட்டுக்கொண்டு தண்ணீர் தவிர எதுவும் குடிக்கக் கூடாது, இனிப்பு டீ அடியில் தேங்கிப் பல்லை அரிக்கும்.

வீட்டில் எல்லோரும் கூன்யா (வெற்றிலைப் பாக்கு) போடுகிறார்கள், நானும் விசேஷ நாளில் போடுவேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ரீடெய்னரில் செங்கறை ஏறுவது அதில் சின்ன விஷயம். பாக்கும் சுண்ணாம்பும் ஈறைக் கெடுத்தால், பல்லைப் பிடித்திருக்கும் எலும்பே குறையும், அதன்பின் எந்த ரீடெய்னராலும் நிறுத்த முடியாது. புகையிலை சேர்க்காவிட்டால் பரவாயில்லை என்று சொல்வார்கள். புகையிலை இல்லாத வெற்றிலைப் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-லேயே வகைப்படுத்திவிட்டது. தாம்பூலத்தைத் தட்டில் வைத்துக் கொடுங்கள், வாங்கிக்கொள்ளுங்கள். மெல்ல வேண்டாம்.

மருத்துவர் மீது தப்பா, பணம் திரும்புமா

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் சிகிச்சையில் தவறு இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஒட்டுக் கம்பி நாளடைவில் விட்டுப்போவது எல்லோரிடமும் நடப்பது, அதைப் பார்த்துச் சொல்ல ஆளில்லாமல் போனதுதான் உங்களுக்கு நேர்ந்தது. கிளினிக்கை மூடியபோது, இனி யாரிடம் போக வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அந்தக் குறையை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இலவசமாக மறுபடி செய்துதரக் கேட்கும் அளவுக்கு இது வராது. சிகிச்சை தொடங்கும்போது கையெழுத்திட்ட தாள் வீட்டில் இருந்தால் எடுத்துப் படியுங்கள், ரீடெய்னர் காலமும் அதன் செலவும் பெரும்பாலும் தனியாகவே எழுதப்பட்டிருக்கும்.

உரிமையோடு கேட்கக்கூடியது ஒன்று உண்டு: உங்கள் ஆவணங்கள். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரே, படங்கள், அச்சு மாதிரிகள். அந்த மருத்துவரின் எண்ணோ முகநூல் கணக்கோ தெரிந்திருந்தால், குற்றம் சாட்டும் தொனி இல்லாமல் பணிவாக ஒரு செய்தி அனுப்புங்கள், பெரும்பாலும் கிடைக்கும். ஆரம்பத்தில் எந்தப் பல் எந்தப் பக்கம் திருகி இருந்தது என்று தெரிந்தால், இனி எது திரும்பப் பார்க்கும் என்பதும் தெரிந்துவிடும்.

புது மருத்துவரைத் தேடும்போது பல் சீரமைப்பில் தனிப் படிப்பு படித்தவரா, பல் மருத்துவ கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. கையைச் சுடாத செலவில் வேண்டுமானால் யாங்கோன் பல் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் விசாரித்துப் பாருங்கள், காத்திருக்கும் நேரம்தான் கூடுதலாக இருக்கும். யாரிடம் செய்தாலும், ஸ்கேன் எடுத்தால் அந்தக் கோப்பை உங்கள் ஈமெயிலுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அது கையில் இருந்தால் மோல்மேனில் இருந்தாலும், நாளை பாங்காக்கிலோ சென்னையிலோ இருந்தாலும், மறுபடி அச்சு எடுக்காமலே இன்னொரு ரீடெய்னர் செய்துவிடலாம். அச்சு மட்டும் எடுத்தால், அதில் வார்த்த கல் போன்ற பல்வரிசை மாதிரியைத் துணியில் சுற்றி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கடைசிக் கேள்வி

'கல்யாணத்துக்குப் பிறகும் இரவில் இதை மாட்டிக்கொண்டுதான் படுக்க வேண்டுமா டாக்டர்? அவருக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்?' என்று கடிதத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதியிருந்தீர்கள். கண்ணாடி ரீடெய்னர் ஒரு முழம் தள்ளி நின்றால் தெரியாது. புதிதில் இரண்டு மூன்று நாள் 'ச' சொன்னால் 'ஸ' மாதிரிக் கேட்கும், பிறகு நாக்கு பழகிவிடும். முதலிரவில் ஒருநாள் போடாவிட்டால் பல் ஓடிவிடாது, ஒருவாரம் போடாவிட்டால்தான் இறுகும். ஆனால் ஒளித்து வைத்துச் சமாளிக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஒளிக்கிற பொருளைத்தான் டிஷ்யூவில் சுற்றுவோம். நிச்சயம் முடிந்து தினமும் போனில் பேசிக்கொண்டுதானே இருக்கிறீர்கள்? காளியம்மன் கோவிலில் நாற்பது எச்சில் இலையைப் பிரித்துத் தேடிய கதையை இன்றிரவு அவரிடம் சொல்லுங்கள். சிரித்து முடித்ததும், கெட்டியான சிவப்பு நிறப் பெட்டி ஒன்று வாங்கிவரச் சொல்லுங்கள். வெள்ளை வேண்டாம், பந்தியில் கண்ணுக்குத் தப்பிவிடும்.